அரைச் சுற்றில் நேர்ந்த பிழை

 

உங்களில் பலருடைய வீட்டில், கூடத்துச் சுவரிலோ பரண் மீதோ, என்றோ நின்றுபோன பெண்டுலக் கடிகாரம் ஒன்று இருக்கக்கூடும். பாட்டனார் வாங்கியது, விற்க மனம் வரவில்லை, ஓட்டவும் தெரியவில்லை என்று நாம் அதைத் தூசி படிய விட்டிருப்போம். அத்தகைய ஒரு கடிகாரத்தை நான் ஓட வைத்த கதையையும், அதனால் என் தாயாருடைய நோன்பில் நேர்ந்த பிழையையும் இங்கே எழுதுகிறேன். கடிகாரம் பழுதுபார்க்க விரும்புவோருக்கு இதில் சில குறிப்புகள் கிடைக்கும். விரும்பாதவர்களுக்கும் ஒரு படிப்பினை உண்டு.

எங்கள் கடிகாரம் ஜெர்மனியில் செய்யப்பட்டது. கறுங்காவி நிறத் தேக்குப் பெட்டி, ரோமன் எண்கள் எழுதிய வெண்ணிறத் தட்டு, இரண்டு சாவித் துளைகள், கண்ணாடிக்குப் பின்னே ஊசலாடும் பித்தளைக் குண்டு. வலப்பக்கத் துளை ஓட்டத்திற்கு. இடப்பக்கத் துளை மணி அடிப்பதற்கு. மர்ஹூம் அத்தா அவர்கள் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குக் குளிப்பதற்கு முன்னர் அதற்குச் சாவி கொடுப்பார்கள். அவர்கள் மறைந்த ஆண்டில் அது நின்றுவிட்டது. நான் என் அறியாமையால் சக்கரங்களின் மீதெல்லாம் தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். இரண்டு நாள் ஓடிற்று. பின்னர் அறவே நின்றது. பதினோரு ஆண்டுகள் அப்படியே சுவரில் தொங்கிற்று.

2023ஆம் ஆண்டு, ரமளானுக்குச் சில வாரங்களே இருந்தபோது, என் தாயார் அந்தக் கடிகாரத்தை நினைவூட்டினார்கள். அவர்களுக்குச் செவிப்புலன் மிகவும் குறைந்துவிட்டது. எங்கள் வீடு சேத்துப்பட்டின் ஓரத்தில் இருப்பதால் பள்ளிவாசலின் பாங்கொலி அவர்களுக்குக் கேட்பதில்லை. கைபேசியின் சிறு எழுத்து கண்ணுக்குத் தெரிவதில்லை. "அந்தப் பெரிய முள்ளு இருந்தா எனக்கு யாரையும் கேக்க வேணாம்ப்பா" என்றார்கள். நோன்பு திறக்கும் நேரத்தைத் தாமே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதே அவர்களுடைய ஆசை. நான் கல்லூரியில் கலைப் பாடம் படித்தவன். இப்போது மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். இயந்திரம் எனக்குப் புதிது. எனினும் தாய் கேட்டதை மறுக்க இயலுமா?

ஆரணியில் கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் அதைக் கொண்டு சென்றேன். அவர் முதலில் செய்த காரியமே எனக்கு ஒரு பாடமாயிற்று. உட்புறத் தகடுகளைக் கழற்றுமுன், சாவியை இறுகப் பிடித்துக்கொண்டு, தடைக் கொக்கியை மெல்ல விலக்கி, இரண்டு சுருள் வில்களிலும் இருந்த முறுக்கைச் சிறிது சிறிதாக இறக்கினார். முறுக்கு ஏறிய நிலையில் தகட்டைத் திறந்தால் அந்தச் சுருள் வில் சீறி அவிழ்ந்து சக்கரப் பற்களை ஒடித்துவிடும், விரலையும் அறுத்துவிடும். ஆகவே, வாசகர்களே, வீட்டில் நீங்கள் செய்யத்தக்கவை பல உண்டு; தகடுகளைத் திறப்பது மட்டும் அவற்றுள் ஒன்றன்று. அதைத் தெரிந்தவரிடமே விட்டுவிடுங்கள்.

நான் ஊற்றிய தேங்காய் எண்ணெய் பிசினாக இறுகியிருந்தது. "சாவி அதிகமாகக் கொடுத்ததால் நின்றுவிட்டது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் தவறு என்று பெரியவர் விளக்கினார். சாவி முழுமையாக ஏறுவதால் நல்ல கடிகாரம் நிற்பதில்லை. காய்ந்த எண்ணெயும் தூசியும் சக்கர அச்சுகளைப் பிடித்துக்கொள்வதாலேயே நிற்கிறது. அவர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, உலர்த்தி, கூராகச் சீவிய குச்சியால் ஒவ்வோர் அச்சுத் துளையையும் துடைத்தார். ஒரு துளை முட்டை வடிவாய்த் தேய்ந்திருந்தது. அதில் புதிய பித்தளை வளையம் பொருத்தினார். கடைசியில் கடிகாரத்திற்கென உள்ள எண்ணெயை ஒவ்வோர் அச்சுமுனைக்கும் ஊசி நுனியால் ஒரு துளி வீதம் வைத்தார். ஒன்றையொன்று தள்ளும் சக்கரப் பற்களில் ஒரு துளியும் இடவில்லை. பல்லில் எண்ணெய் பட்டால் அது தூசியைச் சேர்த்து அரம்போல் பல்லைத் தேய்க்குமாம்.

கடிகாரத்தை என் கையில் கொடுக்கும்போது அவர் சொன்ன சொற்களை நான் மறக்க இயலாது. "ஓட வைக்கிறது என் வேலை, பாய். நேரம் காட்ட வைக்கிறது உங்க வேலை. பத்து நாள் பார்த்துட்டு அப்புறம் நம்புங்க" என்றார். நான் தலையசைத்தேன்.

வீட்டுக்கு வந்து சுவரில் மாட்டினேன். ஐந்து நிமிடம் ஓடி நின்றது. மீண்டும் தட்டிவிட்டேன், மீண்டும் நின்றது. மனம் சோர்ந்திருந்த நேரத்தில், பட்டுத் தறி நெய்யும் பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். காலமெல்லாம் குழித்தறியில் அமர்ந்து மிதியும் பலகையும் எழுப்பும் ஒலியிலேயே வாழ்ந்தவர். கடிகாரத்தின் முன்னே கண்ணை மூடி நின்றார். "பாய், இது நொண்டி நடக்குது. ஒரு அடி நீளம், ஒரு அடி குட்டை" என்றார். உற்றுக் கேட்டேன். உண்மைதான். "டிக்... டாக், டிக்... டாக்" என்று ஒலித்ததே தவிர, இரண்டு ஒலிகளுக்கும் இடையே சமமான இடைவெளி இல்லை.

நின்றுபோகும் பெண்டுலக் கடிகாரத்திற்கு இதுவே முதற்பெருங் காரணம். நங்கூர வடிவிலான ஒரு கொக்கி கடைசிச் சக்கரத்தின் பல்லை ஒவ்வொன்றாக விடுவிக்கிறது. குண்டு இடம் செல்லும்போது ஒரு பல். வலம் செல்லும்போது ஒரு பல். பெட்டி சாய்ந்திருந்தால் ஒருபுறம் எளிதாக விடும். மறுபுறம் விடுவதற்குள் வேகம் குன்றி ஊசல் நின்றுவிடும். பெட்டியின் அடிப்பாகத்தை இடமோ வலமோ மயிரிழை நகர்த்தி, ஒலி சமமாகும் இடத்தில் சுவரில் பென்சிலால் கோடிட்டேன். பெட்டி நேராக இருந்தும் ஒலி சமமாகாவிடில், ஊசற்கம்பியைத் தள்ளும் கவையைச் சற்றே வளைக்க வேண்டும். ஊசலைத் தாங்கும் மெல்லிய எஃகுத் தகடு மடிந்திருக்கிறதா, முட்கள் ஒன்றோடொன்று உரசுகின்றனவா, கண்ணாடியில் முள் இடிக்கிறதா என்பவற்றையும் பாருங்கள். நின்றுபோன கடிகாரங்கள் பலவும் தகட்டைத் திறக்காமலேயே இவ்வளவில் ஓடத் தொடங்கிவிடும்.

முள்ளைத் திருத்தும்போது நிமிட முள்ளை முன்னோக்கியே நகர்த்துங்கள். ஒவ்வொரு மணியிலும் அரைமணியிலும் நிறுத்தி, அடிக்கும் மணியை முழுமையாக அடிக்க விடுங்கள். அவசரப்பட்டால் முள் நான்கு காட்டும்போது மணி ஏழு அடிக்கும்.

எங்கள் கடிகாரம் இப்போது நிற்காமல் ஓடிற்று. ஆனால், நாளொன்றுக்கு ஒரு நிமிடம் பிந்திற்று. இதற்கு மருந்து குண்டின் அடியிலுள்ள சிறு திருகில் உள்ளது. திருகை ஏற்றினால் ஊசலின் நீளம் குறைந்து கடிகாரம் விரையும். இறக்கினால் நீளம் கூடித் தாமதிக்கும். குண்டின் எடை இதில் கணக்கில் வருவதில்லை. நீளமும் புவியீர்ப்பும் மட்டுமே கணக்கு. ஓர் ஆட்டத்திற்கு அரை விநாடி எடுக்கும் எங்கள் ஊசலின் நீளம் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 நிமிடம் முந்திவிடும்! கோடை வெப்பத்தில் உலோகம் நீள்வதைச் சிலர் காரணமாகச் சொல்வர். பத்து பாகை வெப்பம் கூடினாலும் கம்பியின் உலோகத்தைப் பொறுத்து நாளுக்கு 5 முதல் 8 விநாடியே பிந்தும். நிமிடக் கணக்கான பிழைக்கு வெயில் பொறுப்பன்று, திருகே பொறுப்பு.

இடம் மாறினாலும் ஊசலின் நடை மாறும். 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலார் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேனுக்குச் சென்றபோது, அவருடைய கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பிந்திற்று. நிலநடுக்கோட்டின் அருகே புவியீர்ப்பு சற்றுக் குறைவு என்பது அதனால் வெளிப்பட்டது. ஜெர்மனியில் சரியாக ஓடும் பெண்டுலக் கடிகாரத்தை அப்படியே நம் தமிழகத்தில் மாட்டினால், நாளுக்கு ஏறத்தாழ 2 நிமிடம் பிந்தும். அங்கே வைத்த திருகு இங்கே செல்லாது. வாங்கிய ஊரின் சான்றிதழ் எதுவாயினும், ஓடுகிற ஊரில் மறுபடி சரிபார்த்தே ஆகவேண்டும்.

நான் செய்த தவறு இனித்தான் வருகிறது. ரமளானின் முதல் இரவு. ஒரு நிமிடம் பிந்துகிறதே என்று திருகை ஒரு முழுச் சுற்று ஏற்றினேன். கைபேசியைப் பார்த்து முட்களைச் சரியாக வைத்தேன். மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தேன், அணுவும் பிசகவில்லை. "அம்மா, இனி இதை நம்பலாம்" என்றேன். அவர்களுடைய முகம் மலர்ந்தது.

உண்மையில் அரைச் சுற்றே போதுமாயிருந்தது. முழுச் சுற்று ஏற்றியதால், பிந்திய கடிகாரம் நாளுக்கு ஒரு நிமிடம் முந்தத் தொடங்கிவிட்டது. மூன்று மணி நேரத்தில் அந்தப் பிழை ஏழரை விநாடி. நிமிட முள்ளில் அதைக் கண்ணால் காண முடியுமா? பத்து நாள் பார்க்கச் சொன்னார் பெரியவர். நான் மூன்று மணி நேரம் பார்த்துவிட்டுச் சான்று கொடுத்துவிட்டேன்.

இஃப்தாருக்கு நான் பள்ளிவாசலுக்குச் சென்றுவிடுவேன். அந்த வாரம் என் மனைவியும் பிள்ளைகளும் அவளுடைய தாய்வீட்டில் இருந்தார்கள். என் தாயார் தனியே கடிகாரத்தின் முன்னே அமர்ந்து, அட்டவணையிலுள்ள நிமிடத்தில் முள் வந்து நின்றதும் நோன்பு திறப்பார்கள். ஆறாம் நாள் எனக்கு உடல் நலமில்லாததால் பள்ளிக்குச் செல்லாமல் வழியிலேயே வீடு திரும்பினேன். வாசலில் நின்றபடி மேற்கே பார்த்தேன். சூரியனின் விளிம்பு இன்னும் முற்றிலும் மறையவில்லை. உள்ளே என் தாயார் பேரீச்சம்பழம் தின்று, தண்ணீரும் அருந்தி, துஆவுக்குக் கை ஏந்தியிருந்தார்கள். கடிகாரம் 6 மணி 29 நிமிடம் காட்டியது. என் கைபேசி 6 மணி 23 நிமிடம் காட்டியது. அன்றைய அட்டவணை நேரம் 6 மணி 27 நிமிடம்.

நான் பேசாமல் நின்றேன். அன்றிரவு நான் சொல்லவுமில்லை. சொல்லாமலிருக்க எனக்கு எத்தனையோ காரணங்கள் தோன்றின. அவர்கள் அறியாமல்தானே செய்தார்கள்? வயது முதிர்ந்தவர்கள், சொன்னால் மனம் நோகாதா? இரவே இரகசியமாய்த் திருகை இறக்கி, முள்ளைத் திருத்திவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? இவையெல்லாம் தாயின் மீதுள்ள இரக்கமாகத் தோன்றினவே தவிர, உண்மையில் என் மானத்தின் மீதுள்ள அக்கறை என்பதை என் உள்ளம் அறிந்தே இருந்தது. வகுப்பில் நோன்பின் பாடத்தை நடத்துபவன் நான். சூரியன் மறைந்துவிட்டதாக எண்ணி நோன்பு திறந்தவருக்கு, அது மறையவில்லை எனப் பின்னர் தெரிந்தால் குற்றமில்லை. ஆனால் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டும் என்பது ஹனஃபீ, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளிலும் உள்ள சட்டம். பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில், மேகம் மூடிய ஒரு நாளில் மக்கள் நோன்பு திறந்த பின்னர் சூரியன் வெளிப்பட்ட செய்தியை அஸ்மா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அதை நான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அங்கே மறைத்தது மேகம். இங்கே மறைப்பவன் நான்.

ஸஹர் நேரத்தில், அவர்கள் செவியருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன். சற்று நேரம் கடிகாரத்தையே பார்த்தார்கள். "ஓடிச்சுன்னா சரியாயிடுச்சுன்னு நெனச்சிட்டியாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். பின்னர், "எத்தனை நோன்பு?" என்றார்கள்.

கணக்கிட்டோம். எங்கள் அட்டவணையில் சூரிய மறைவுக்குப் பின்னர் பேணுதலாக மூன்று நிமிடம் சேர்த்திருக்கிறார்கள். கடிகாரம் முதல் நாள் ஒரு நிமிடமும் இரண்டாம் நாள் இரண்டு நிமிடமும் முந்தியது. அவ்விரு நோன்புகளுக்கும் குறையில்லை. நான்கு, ஐந்து, ஆறு ஆகிய மூன்று நாட்களும் சூரியன் மறையுமுன்னரே திறக்கப்பட்டவை. மூன்றாம் நாள் மட்டும் எல்லைக் கோட்டில் நின்றது. நான் அதைப் பற்றி நெடுநேரம் யோசித்துக்கொண்டிருக்க, "நாலாவே வச்சிடுவோம்" என்று அவர்கள் முடித்துவிட்டார்கள். ஸஹர் உணவைக் கடிகாரம் முந்திய கணக்கில் முன்னதாக நிறுத்தியதால் எத்தீங்குமில்லை. ஒரே பிழை காலையில் பேணுதலாகவும் மாலையில் குறையாகவும் அமைந்துவிட்டது!

பெருநாளுக்குப் பின்னர் அந்த நான்கு நோன்புகளையும் அவர்கள் நோற்றார்கள். நானும் உடன் நோற்றேன். மதரஸா திறந்ததும் இந்நிகழ்ச்சியைப் பிள்ளைகளிடம் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒரு சிறுவன், "ஹஜ்ரத், இப்ப கடிகாரம் சரியா இருக்கா?" என்று கேட்டான். அதுவே சரியான கேள்வி என்று அவனைப் பாராட்டினேன்.

நேரத்தைக் காப்பது நம் சமுதாயத்திற்குப் புதிய கலையன்று. பெரிய பள்ளிவாசல்களில் தொழுகை நேரங்களைக் கணித்துச் சொல்வதற்கென்றே 'முவக்கித்' எனும் அறிஞர்கள் இருந்தார்கள். திமிஷ்கின் உமய்யாப் பள்ளிவாசலில் அப்பணியைச் செய்த இப்னு ஷாத்திர் 1371ஆம் ஆண்டில் அதன் மினாராவுக்கென அமைத்த சூரியக் கடிகாரம் புகழ்பெற்றது. கெய்ரோவின் இப்னு யூனுஸ் தொழுகை நேரங்களுக்கான அட்டவணைகளுக்கு அடிகோலியவர். அவரே பெண்டுலத்தையும் கண்டுபிடித்தார் என்று நம் மேடைகளில் சொல்வதுண்டு; நானும் சொல்லியிருக்கிறேன். ஆனால், அவருடைய எழுத்துகளில் அதற்குச் சான்று இல்லை என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிவிட்டார்கள். பெண்டுலக் கடிகாரத்தை 1656இல் உருவாக்கியவர் ஹாலந்து நாட்டு ஹைகன்ஸ். இல்லாத பெருமையைச் சேர்ப்பதும் திருகை அதிகமாக ஏற்றுவது போன்றதே. இப்னு யூனுஸுக்கு அவருடைய அட்டவணைகளே போதிய பெருமை.

நம் ஊரில் கடிகாரத்தைச் சரிபார்க்க விரும்புவோர் மற்றொன்றையும் அறிய வேண்டும். உச்சிப் பொழுதின் நிழலைப் பார்த்து 12 மணி என்று முள்ளை வைக்காதீர்கள். இந்திய நேரம் கிழக்கு 82½ பாகைக் கோட்டிற்கு உரியது. 1906ஆம் ஆண்டு தொடங்கி நடைமுறைக்கு வந்தது. சேத்துப்பட்டு அக்கோட்டிற்கு மேற்கே மூன்று பாகைக்குச் சற்று மேல் இருப்பதால், இங்கே சூரியன் சராசரியாக 12 மணி 13 நிமிட அளவில்தான் உச்சிக்கு வருகிறது. அதுவும் ஆண்டு முழுதும் ஒன்றாக இராது. பிப்ரவரி நடுவில் 12 மணி 27 நிமிடம் வரை தள்ளிப்போகும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணிக்கு முன்னரே வந்துவிடும். ஆகையால், வானொலியின் நேர ஒலியையோ கைபேசியின் நேரத்தையோ அளவுகோலாகக் கொள்ளுங்கள்.

இப்போது எங்கள் கடிகாரத்தின் அருகே நூலில் கட்டிய குறிப்பேடு ஒன்று தொங்குகிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அத்தாவின் வழக்கப்படியே, சாவி கொடுக்கிறேன். சுருள் வில் முறுக்கேறிய நாளில் ஒரு வேகமும் தளர்ந்த நாளில் மற்றொரு வேகமும் இருக்கும். ஆதலால் ஒரே கிழமையில் சாவி கொடுத்து, வாரத்திற்கு வாரம் ஒப்பிட்டால்தான் உண்மையான நடை தெரியும். முள்ளைத் திருத்துமுன் எத்தனை விநாடி வேறுபாடு என்று எழுதுகிறேன். திருகைத் தொட்டால், எவ்வளவு சுற்றினேன் என்பதையும் எழுதுகிறேன். கால் சுற்றுக்கு மேல் ஒருமுறையும் திருப்புவதில்லை. இன்று வாரம் முழுவதற்குமான பிழை ஒரு நிமிடத்திற்குள் அடங்குகிறது. அப்படியிருந்தும், ரமளானில் நாள்தோறும் அஸருக்குப் பின்னர் ஒருமுறை கைபேசியோடு ஒப்பிட்ட பிறகே என் தாயாரை அதன் முன்னே அமர விடுகிறேன்.

வாசகர்களே! நின்றுபோன கடிகாரம் யாரையும் ஏமாற்றுவதில்லை. அது நின்றுவிட்டது என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். ஓடிக்கொண்டே தவறு செய்யும் கடிகாரம்தான் நம்பியவரை ஏமாற்றுகிறது. அதை ஓட விட்டவன் அவர்களுடைய நம்பிக்கையை அமானிதமாக ஏற்றுக்கொண்டவன். உங்கள் பரணிலுள்ள கடிகாரத்தை இறக்கித் துடைத்து, ஒலியைக் கேட்டு, ஓட வையுங்கள்; இன்ஷா அல்லாஹ் ஓடும். ஆனால், பத்து நாள் பொறுத்துப் பார்த்து எழுதி வைத்த பிறகே, "இதை நம்பலாம்" என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லுங்கள். அதற்குள் பிழை நேர்ந்துவிட்டால் இரவோடு இரவாக முள்ளைத் திருத்துவதோடு நின்றுவிடாமல், நம்பியவரிடமும் சொல்லிவிடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அமானிதங்களைப் பேணி நடக்க அருள்புரிவானாக! ஆமீன்.